யூப்ரும்னோஸ் மாநாடும் வாமதேவனின் முப்பத்தோராம் நாளும்

அகிலத் தமிழ்த் தொன்மை நிறுவுநர் பேரவைக்கு உலகத்தின்மேல் ஒரேயொரு மனக்குறைதான் இருந்தது. தமிழிலிருந்து பிறக்காத சொற்கள் உலகத்தில் இன்னும் மிச்சம் இருந்தன. லத்தீனைப் பேரவை எப்போதோ முடித்துவிட்டது. எபிரேயம் ஒரே கோடை விடுமுறையில் விழுந்தது. சீனத்தை ஓர் உபகுழுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். உபகுழுவில் இருந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பதால் சீனர்கள் தற்காலிகமாகத் தப்பியிருந்தார்கள். கிரேக்கத்தை மட்டும் பேரவை ஆண்டுக்கு ஒரு சொல்லாக மென்று வந்தது. இந்த ஆண்டு பல்லில் அகப்பட்டது யூப்ரும்னோஸ்.

பயந்துவிடாதீர்கள், நோயில்லை. பழைய கிரேக்கத்தில் கப்பலுக்குச் சூட்டும் ஓர் அடைமொழி. ‘நல்ல பின்புறம் வாய்ந்த’ என்று பொருள். அந்தக் காலத்தில் கப்பலைக் கரையில் ஏற்றும்போது பின்புறத்தைத்தான் தரைப்பக்கம் வைப்பார்களாம். சுக்கான் இருக்கிற அந்தப் பக்கம் வளைந்து உயர்ந்து பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். யாரோ ஒரு புலவன் பார்த்து ரசித்து ஒரு சொல்லைப் போட்டு வைத்தான். அவ்வளவுதான் கதை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தச் சொல் ஒருவர் சோலிக்கும் போகாமல் தன்பாட்டில் கிடந்தது. லண்டனில், மனோர் பார்க்கில், ஒரு மண்டபமும் அதற்கொரு பேரவையும் அதற்கொரு தலைவரும் இருப்பது பாவம் அதற்குத் தெரியாது.

அதே லண்டனில், பிளேஸ்டோவில் இருந்த யோகமலருக்கும் அந்தச் சொல்லைத் தெரியாது. அவளுடைய புருஷன் வாமதேவன் செத்து ஒரு மாதம் ஆகிறது. ஜெர்மனியில் பத்து வருடம், பிறகு லண்டனில் இருபது வருடம் என்று வயர் இழுத்தே காலத்தைக் கழித்த மனுஷன். பேரவை மண்டபத்தின் லைட், மைக், ஹீட்டர் எல்லாம் அவர் கை வேலைதான். கூலி கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்கட சனத்தின்ர வீடுகள் சின்னன். ஆரின்ரையும் அந்தியேட்டிச் சாப்பாடெண்டு வந்தால் மண்டபத்தை இல்லையெண்டு சொல்லாதேங்கோ.” செயற்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. கைதட்டுவதில் செயற்குழு ஒருநாளும் பின்நின்றதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருடைய முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. காலையில் ஐயரோடு ஆற்றங்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியையை முடிப்பது, பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் படையல் வைப்பது, பிறகு வந்த சனத்துக்குச் சாப்பாடு. முதல் இலை செத்தவருக்கு. அது விழாமல் யாரும் ஒரு பருக்கை தொடக்கூடாது. யோகமலர் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மற்றக் கறிகளைச் சமையல்காரர் செபமாலைமுத்து பார்த்துக்கொண்டார். இராசவள்ளிக்கிழங்கை மட்டும் யோகமலர் தன் கையால் தேங்காய்ப்பால் விட்டுக் கூழாகக் காய்ச்சினாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் வாமதேவன் கேட்டது அதைத்தான். விழுங்க ஏலாது, குடுக்காதேங்கோ என்று டாக்டர் மறித்துவிட்டார். “வீட்டை வாங்கோ, காய்ச்சித் தாறன்” என்றாள். மனுஷன் வீட்டுக்கு வரவில்லை. இனி அவருக்கு அவள் கொடுக்கக்கூடியது இந்த ஒரு இலைதான். அதிலும் பிசகக்கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா” என்று பேரவையின் பொதுச்செயலாளர் கிருஷ்ணராசா போனில் சொல்லியிருந்தார். “அண்டைக்கு எங்கட மாநாடொண்டு இருக்கு. பத்து மணிக்குத் துவங்கிப் பதினொண்டரைக்கு முடிஞ்சிடும். பன்னிரண்டுக்கு மண்டபம் உங்கட.”

கிருஷ்ணராசா பொய் சொல்கிறவரல்ல. பேரவையின் எந்த விழாவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனதார நம்பினார்.

யோகமலர் பன்னிரண்டுக்கு வந்து இறங்கியபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. சொந்தபந்தம் அறுபது பேர் குடையோடும் குடையில்லாமலும் மதிலோரம் ஒதுங்கி நின்றார்கள். சாப்பாட்டு வான் பின்பக்கம் நின்றது. மகள் கீர்த்திகா காலையிலேயே வந்து, அப்பாவின் மாலை போட்ட படம் மழையில் நனையக்கூடாதென்று மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள். அப்போது மண்டபத்தில் ஈ காக்கை இல்லை.

இப்போது யோகமலர் கண்ணாடிக் கதவால் பார்த்தாள். மேடையில் பதினைந்து பேர் வரிசையாக நின்று அவளுடைய புருஷனின் படத்துக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள். ஒவ்வொருவரும் பூப்போட்டுக் கைகூப்பி, கண்ணை மூடி, படக்காரன் எடுத்துவிட்டானா என்று அரைக்கண்ணால் பார்த்து, பிறகு நகர்ந்தார்கள்.

“பாத்தியே பிள்ளை” என்று மகளின் கையைப் பிடித்தாள். “அப்பாவை மறக்கேல்லை இவை.” அழுகை வந்துவிட்டது. நல்ல மனுஷர், நல்ல மனுஷர் என்று மனம் அடித்துக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு கிருஷ்ணராசா வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

“தம்பி, உங்களுக்குப் பெரிய புண்ணியம்” என்றாள் யோகமலர்.

“அக்கா, உந்தப் படத்தை ஆர் மேடையில வைச்சது?”

“நான்தான் அங்கிள்” என்றாள் கீர்த்திகா. “வொய்?”

“தலைவர் பூப்போட்டிட்டார் பிள்ளை. ஆரெண்டு கேக்காமல் போட்டிட்டார்.”

பேரவைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் மாலை போட்ட படம் இருந்தால் பூப்போட வேண்டும். படத்தில் இருப்பது யார் என்று கேட்கக்கூடாது. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். ஒன்றைத் தெரியாது என்கிறவர் தலைவராக இருக்க ஏலுமா? ஆகவே தலைவர் கமலநாதன் போட்டார். தலைவருக்குத் தெரிந்தவர் தங்களுக்கும் தெரிந்தவர்தான் என்று மற்றப் பதினான்கு பேரும் போட்டார்கள். அதில் நாலு பேருக்குக் கண்ணும் கலங்கியது.

“அப்ப சொல்லுறதுதானே, இவர்தான் லைட் போட்ட வாமதேவன் எண்டு?”

“தலைவர் பூப்போட்ட பிறகு சொல்ல ஏலாது அக்கா. யாப்பில இடமில்லை.” யாப்பு என்று அவர் சொன்னது பேரவையின் சட்டதிட்டப் புத்தகத்தை. “பிறகு பேச்சில சொல்லவெண்டு பேரைக் கேட்டார். பேரை மட்டும் எழுதிக் குடுத்தனான்.”

யோகமலர் கண்ணைத் துடைத்தாள். வந்த கண்ணீர் வீண். “சரி. மண்டபத்தை எப்ப தருவியள்? ஐயருக்கு நாலு மணிக்கு ஆர்ச்வே கோயிலில வேற பூசை. அவர் போறதுக்குள்ள இலை போட வேணும்.”

“இப்பதான் பூ முடிஞ்சிருக்கு. இனி விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஒரு பத்துப் பதினொரு வாழ்த்துரை. பிறகு விஷயத்துக்கு வந்திடுவினம்.”

“சனம் மழையில நிக்குது தம்பி. உள்ளுக்கெண்டாலும் விடுங்கோ.”

“மாநாடு நடக்கேக்க பேராளர் அல்லாத ஆக்கள் உள்ளுக்கு வர ஏலாது.”

உள்ளே மேடையில் பதினைந்து பேர், கீழே ஒன்பது பேர். அந்த ஒன்பதில் நாலு பேர் மேடையிலிருந்தவர்களின் மனைவிமார். ஒருவர் காரில் ஏற்றிப்போக ஆள் வரும்வரை நித்திரை.

“அப்ப எங்களைப் பேராளர் ஆக்குங்கோ” என்றாள் யோகமலர்.

கிருஷ்ணராசாவின் முகத்தில் உயிர் வந்தது. வெறும் கதிரைகள் படத்தில் விழுவதுதான் பேரவையின் தீராத வியாதி. மளமளவென்று அறுபது அட்டைகள் வந்தன. கழுத்தில் ‘யூப்ரும்னோஸ் பேராளர்’ என்று தொங்கவிட்டுக்கொண்டு, அந்தியேட்டிக்கு வந்த சனம் ஈரச் சப்பாத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. ஐயருக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். அவர் அதைப் பூணூலுக்கு மேலே படாமல் தள்ளி வைத்துக்கொண்டார்.

யோகமலர் செய்த பிழை அதுதான். பேரவை தோன்றிய நாளிலிருந்து மண்டபம் நிறைந்ததை மேடை கண்டதில்லை. கண்டதும் அதற்கு வெறிபிடித்துவிட்டது. இரண்டு நிமிடம் பேச வந்தவர் பத்து நிமிடம் பேசினார். பேச்சே இல்லாமல் சும்மா உட்கார வந்தவர்கள்கூடத் துண்டுச்சீட்டு அனுப்பி மைக் கேட்டார்கள். மைக் ஒரு கரகரப்பும் இல்லாமல் கணீரென்று வேலை செய்தது. வாமதேவனின் வேலை அப்படி. அவரைச் சபிக்க வேண்டும் போல முதல்முறையாக யோகமலருக்கு இருந்தது.

தலைவர் கமலநாதன் எழுந்தார். ஓய்வுபெற்ற கணக்காளர், தபாலில் வந்த முனைவர் பட்டம் பெயருக்கு முன்னால் நின்றது.

“அவையோர்களே! நம்மை விட்டுப் பிரிந்த பேராசான் வாமதேவனார் அவர்களை வணங்கித் தொடங்குகிறேன். அவரை உயிரோடு சந்திக்கும் பேறு எனக்குக் கிட்டவில்லை. ஆகையால்தான் அவரைப் பற்றி நடுநிலையாகப் பேச முடிகிறது!”

கைதட்டல். பதினைந்து வருடமாக இந்த மனிதர் “மைக்காரர்! சத்தத்தைக் கூட்டுங்கோ!” என்று மேடையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது யாரைப் பார்த்து என்று யோகமலருக்குத் தெரியும்.

“அவருடைய நூல்களை நான் படித்ததில்லை. படித்தவர்கள் இந்த அவையிலும் இல்லை. ஒருவரும் படிக்காமலேயே இவ்வளவு புகழ் ஒருவருக்கு வருகிறதென்றால், அந்த நூல்கள் எவ்வளவு ஆழமானவையாக இருக்க வேண்டும்! இந்தப் பேரவையும் அவர் வழியில்தான் நடக்கிறது. நாம் ஆதாரம் தேடி அலைவதில்லை. முடிவை முதலில் எடுத்துவிடுகிறோம். ஆதாரம் வெட்கப்பட்டுத் தானாக வந்து சேரும்!”

“அம்மா” என்று கீர்த்திகா காதுக்குள் சொன்னாள், “டாட் புக் எழுதினவரா?”

“கேபிள் ட்ரம்மில நம்பர் எழுதினவர்” என்றாள் யோகமலர்.

செபமாலைமுத்து பின்கதவால் தலையை நீட்டி, வடை ஆறுது என்று சைகை காட்டினார். ஐயர் போனை எடுத்து நேரம் பார்த்தார்.

ஒருவாறு ஆய்வுரை வந்தது. ஆய்வாளர் அழகப்பன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, ஓய்வு கிடைத்ததும் கிரேக்கத்தின் மேல் பாய்ந்தவர். கிரேக்க எழுத்துகளில் பாதி தெரியும். மீதிப் பாதி மனதைக் குழப்பும் என்பதால் படிக்காமல் விட்டிருந்தார்.

“யூப்ரும்னோஸ்! நான் மூணு வருஷமா இந்தச் சொல்லோடதான் தூங்குறேன், இந்தச் சொல்லோடதான் எழுந்திருக்கிறேன். என் வீட்டுக்காரம்மா இதுக்குச் சாட்சி, இப்போ தனியாதான் இருக்காங்க. யூப்ரும்னோஸ் என்ன? ஊர்ப்பெருமன்! நம்ம ஊர்ப் பெரியவன் கட்டின கப்பல்! ஒரு கிரேக்கப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். அவர் பதிலே போடலை. மறுக்க முடிஞ்சா மறுத்திருப்பார் இல்லையா?”

கைதட்டல்.

“இன்னொண்ணு கேக்கிறேன். கப்பலோட பின்புறம் அழகுன்னு யார் சொல்லுவான்? கப்பல்ல போறவன் சொல்ல மாட்டான், அவனுக்குத் தெரியாது. கரையில நிக்கிறவன்தான் சொல்லுவான். போறதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் பின்புறம் தெரியும்! அப்போ கிரேக்கக் கப்பல் யார் கரையை விட்டுப் போச்சு? நம்ம கரை! பார்த்துக்கிட்டு நின்னவன் யார்? நம்ம ஆளு!”

யோகமலருக்கு வாமதேவனின் கடைசி நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த விடியற்காலையில் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கதவடியில் நின்றாள். தலையணையில் அவருடைய உச்சந்தலையின் நரைமயிர் கொஞ்சம்தான் தெரிந்தது. கடைசியாகப் பார்த்தது அதைத்தான். இந்த மனிதருக்கு ஓர் உண்மை வாய்தவறி வந்துவிட்டது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை இவர் வாயிலிருந்தா கேட்க வேண்டும்?

பிறகு சண்டை. கப்பலின் பின்புறத்தைக் கட்டியது தமிழன் என்றால் முன்புறத்தைக் கட்டியது யார், அதைக் கிரேக்கனுக்கு விட்டுக்கொடுப்பதா என்று ஓர் உபதலைவர் கொதித்தெழுந்தார். பின்புறத்தோடு திருப்திப்படுகிறவர்கள் இனத்துரோகிகள் என்றார். முன்புறம் அடுத்த வருட மாநாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது என்று கிருஷ்ணராசா மன்றாடினார். முழுக்கப்பலையும் இன்றைக்கே தீர்மானமாக எடுக்க வேண்டும் என்றார் உபதலைவர். தீர்மானம் எடுத்தார்கள். கப்பல் முழுவதும் தமிழனுக்கு வந்தது. கடல் யாருடையது என்பதை ஆராய உபகுழு போட்டார்கள்.

ஐயர் யோகமலரிடம் குனிந்தார். “அம்மா, இன்னும் கால் மணித்தியாலம்தான் நிக்கலாம். பிறகு நான் வெளிக்கிட வேணும், குறை நினைக்காதேங்கோ.”

“இலை போடாமல் போகப்போறியளே ஐயா?”

“அங்கயும் சனம் காத்துக்கொண்டிருக்கும் அம்மா.”

 யோகமலர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். தலைவரின் நிறைவுரை, அதற்குப் பிறகு சிறப்பு நிறைவுரை, அதுவும் தலைவர்தான். ஐயர் போய்விடுவார். இலை விழாது. கிழங்கு ஆறிப்போய், அந்த மனுஷன் செத்தும் கேட்டது கிடைக்காமல் போகப்போகிறார். அதுவும் தான் வயர் இழுத்த மண்டபத்திலேயே!

அந்த நேரம் பார்த்து மைக் அவளுடைய பெயரைச் சொன்னது. படத்திலிருக்கும் பேராசானின் துணைவியார் அவையில் இருப்பதைக் கிருஷ்ணராசா எப்படியோ தலைவரின் காதில் போட்டுவிட்டார். பாவம், அவரால் செய்ய முடிந்த பரிகாரம் அது. தலைவர் புல்லரித்துப் போனார். பேராசானுக்கு ‘யூப்ரும்னோஸ் செம்மல்’ என்ற பட்டத்தை மேடையிலேயே உண்டாக்கி, மேடையிலேயே வழங்கி, அதைப் பெற்றுக்கொள்ள அம்மையாரை அழைத்தார்.

யோகமலர் மேடையேறினாள். தொடக்கத்தில் விளக்கேற்றச் சுமங்கலிகளை மட்டும் தேடிப் பிடித்த பேரவை, பொன்னாடை போர்த்துவதற்கு அந்தப் பேதம் பார்க்கவில்லை. பொன்னாடை சூடாக இருந்தது. அன்று அது போர்த்தப்பட்ட பன்னிரண்டாவது தோள் அவளுடையது; முந்தைய தோள்காரர் அப்போதுதான் மடித்துக் கொடுத்திருந்தார்.

“பேராசானின் ஆய்வுகளைப் பற்றி அம்மா இரண்டு வார்த்தை” என்று தலைவர் மைக்கை நீட்டினார். “அதன் பிறகு என் நிறைவுரை.”

யோகமலர் மைக்கை வாங்கினாள். அந்த மைக் வயரை அவளுடைய சமையலறை மேசையில் வைத்துத்தான் வாமதேவன் பற்றவைத்தார். கீழே பார்த்தாள். சனம் பசியில் வாடிப்போயிருந்தது. ஐயர் பையைத் தோளில் போட்டுவிட்டார். இருபது வருடமாக இந்தச் சனத்தோடு எத்தனை விழாவுக்குப் போயிருப்பாள். எத்தனை முறை கதிரையில் வாடிக் கிடந்திருப்பாள். கடைசியில் எதைக் கேட்டவுடன் எல்லாரும் துள்ளி எழும்புவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

தொண்டையைச் செருமினாள்.

“இவ்விழாவைச் சிறப்பாக நடத்திய தலைவர் அவர்களுக்கும்...”

மண்டபம் நிமிர்ந்தது.

“...செயலாளர் அவர்களுக்கும், ஆய்வுரை வழங்கிய அழகப்பன் ஐயா அவர்களுக்கும், வாழ்த்துரை வழங்கிய எல்லாருக்கும், நடனமாடிய பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோருக்கும்...”

“அம்மா, அம்மா, அது கடைசியா வாறது!” என்று தலைவர் கையைப் பிசைந்தார்.

“...மண்டபத்துக்கு ஒலியும் ஒளியும் அமைத்துத் தந்த என்ர மனுஷன் வாமதேவனுக்கும், உணவு தயாரித்த செபமாலைமுத்து அவர்களுக்கும், வருகை தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். நன்றி. வணக்கம்.”

கதிரைகள் எல்லாம் ஒன்றாகப் பின்னால் இழுபட்டன. அறுபது பேரும் எழும்பிவிட்டார்கள். மனைவிமார் கைப்பையைத் தேடினார்கள். நித்திரையிலிருந்தவர் கண்ணைத் திறக்காமலே குடையை எடுத்தார். மேடையிலும் பாதிப்பேர், தாங்கள் எழும்பியது தங்களுக்கே தெரியாமல், எழும்பி நின்றார்கள். நன்றியுரை கேட்டபின் உட்கார்ந்திருக்கும் தமிழன் லண்டனில் இன்னும் பிறக்கவில்லை.

“இருங்கள்! என் நிறைவுரை! சிறப்பு நிறைவுரை!” என்று தலைவர் கத்தினார்.

“ஏலாது தலைவர்” என்றார் கிருஷ்ணராசா. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவர் குரல் நடுங்கவில்லை. “நன்றியுரைக்குப் பிறகு ஒண்டும் நடக்கக்கூடாது. யாப்பில இடமில்லை.”

“குறூப் படம்! குறூப் படம்! பேனரோட வெளியில வாங்கோ, மழை விட்டிட்டுது!” என்று படக்காரன் வாசலில் கூப்பிட்டான். படம் என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவரின் துக்கம் பறந்தது. பேனரைத் தூக்கிக்கொண்டு பதினைந்து பேரும் நடுவில் நிற்பது யார் என்று இடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். போகும்போது தலைவர் யோகமலரிடம் நின்றார்.

“அம்மா, பேராசானின் கையெழுத்துப் பிரதிகள் ஏதும் இருந்தால் பேரவைக்குத் தாருங்கள். பாதுகாப்போம்.”

“அவர் விட்டிட்டுப் போனது உந்த லைட்டுகளும் உங்கட கையில இருந்த மைக்கும்தான் ஐயா” என்றாள் யோகமலர். “போகேக்க நிப்பாட்டாதேங்கோ. எங்களுக்கு வேணும்.”

தலைவர் அதை ஓர் உருவகம் என்று எடுத்துக்கொண்டு, மெய்சிலிர்த்தபடி நடந்தார்.

“ஐயா, பையை இறக்குங்கோ!” என்று யோகமலர் கத்தினாள். வாழை இலை வந்தது. மேடையில் பூவும் சந்தனமும் ஈரச் சப்பாத்தின் சேறுமாகக் கிடந்தது. தோளிலிருந்த பொன்னாடையை உருவி, குனிந்து, இலை போடும் இடத்தை நன்றாகத் துடைத்தாள். பளபளப்பாக இருந்தாலும் துணி தண்ணீரை நன்றாகத்தான் உறிஞ்சியது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, பாயாசம். கடைசியாக, சூடு போகாமல் துணியால் சுற்றிக் கொண்டுவந்த இராசவள்ளிக்கிழங்கு. அதன் ஊதா நிறம் வாமதேவன் இழுத்த லைட்டுக்குக் கீழே மினுங்கியது. கிண்ணத்தின் அடியில் கைவைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் இருந்தது.

ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். யோகமலர் கைகூப்பிக்கொண்டு ஒருதரம் வாசலைப் பார்த்தாள். பதினைந்து கோட்டுகள், முதுகு முதுகாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கதவால் வெளியேறிக்கொண்டிருந்தன. கடைசி முதுகும் போனதும் கதவு தானாக மூடியது. அவள் படத்தின் பக்கம் குனிந்தாள்.

“இஞ்சாருங்கோ, உந்தக் கப்பல்கார மனுஷன் சொன்னது சரிதான். போகேக்க பின்பக்கம் நல்ல வடிவாத்தான் இருக்கு. இனி நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ.”